அதக்கி வச்ச பீன்ஸ்

போன வருஷம் ஒரு நாள் காலைல பையனுக்கு பல்லு தேய்ச்சு விடும்போது வலது கன்னத்துக்குள்ள ஏதோ வழுவழுன்னு விரல்ல தட்டுச்சு, வெளிய எடுத்துப் பாத்தா ஒரு பீன்ஸ் துண்டு. முந்தின நாள் ராத்திரி 8 மணிக்கு ஊட்டின சாதத்துல எங்க கண்ணுல படாம தப்பிச்சு வந்தது, சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது, அதை மெல்லவும் தெரியாம துப்பவும் தெரியாம அப்படியே ஒதுக்கி வச்சுக்கிட்டு 11 மணி நேரம் கழிச்சு எந்திரிச்சு வந்திருக்கான். அந்தத் துண்டை உள்ளங்கைல வச்சுக்கிட்டு பாத்ரூம் வாசல்ல நின்னேன், தூக்கத்துல இது தொண்டைக்குள்ள போயிருந்தான்னு நெனச்சதும் முட்டி ரெண்டும் தொளதொளன்னு ஆயிடுச்சு. அப்ப அவனுக்கு 2 வயசு 2 மாசம்.

பீன்ஸ் எப்படி 'தப்பிச்சு' வந்துச்சுன்னு கேப்பீங்க. எங்க வீட்ல அவன் சாப்பாடு எல்லாமே மிக்ஸிதான். சட்னி ஜார்னு ஒண்ணு வாங்குவோம்ல, அது எங்க வீட்ல சட்னி பாத்து ஒன்றரை வருஷம் ஆச்சு, பையன் ஜார் ஆயிடுச்சு. பருப்பு சாதம் ஒரு சுத்து, சாம்பார் சாதம் ரெண்டு சுத்து, சிக்கன்னா நாலு சுத்து, இட்லியைக்கூட பால் ஊத்தி அரைச்சிருக்கேன்னா பாத்துக்கோங்க. இட்லிய!

இதுக்கு ஆரம்பம் அவனோட 8-வது மாசம். வேகவச்ச ஆப்பிள் ஒரு துண்டு குடுத்தேன், நாக்குல பட்டதும் உவ்வேன்னான், முகம் செவந்து கண்ணுல தண்ணி கொட்டுச்சு, எங்க அத்தை ஓடி வந்து புள்ளையப் பிடுங்கி தலைகீழா கவுத்துட்டாங்க. துண்டு வெளிய வந்து விழுந்துச்சு, அவன் ரெண்டு நிமிஷத்துல சிரிச்சான், எனக்கு அன்னிக்கு ராத்திரி பூரா தூக்கம் இல்ல. மறுநாள்ல இருந்து மிக்ஸிதான். அது சும்மா குமட்டல், மூச்சடைப்பு கிடையாதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. 6, 7 மாசக் குழந்தைக்கு அந்த குமட்டல் பாயிண்ட் நாக்குல முன்னாடியே இருக்குமாம், துண்டு துண்டா சாப்பிடப் பழகப் பழக பின்னாடி நகந்து போகுமாம். அவனோட உடம்பு கத்துக்கிட்டு இருந்துச்சு, நான் பயந்து போய் கிளாஸை கேன்சல் பண்ணிட்டேன்.

பீன்ஸ் கதையை போன்ல சாத்தூர்ல இருக்கிற எங்க அப்பத்தாகிட்ட சொன்னேன். அப்பத்தாவுக்கு 80 தாண்டிருச்சு, வாயில மொத்தமே மூணு பல்லு. "ஏத்தா, கன்னத்துல அதக்கி வச்சிருக்கான் பய. தாடையில வலு இல்லத்தா அவனுக்கு. நீ எல்லாத்தையும் அரைச்சு அரைச்சு ஊத்துனா எப்படி வலு வரும்?"னு ஒரே போடு. நொறுங்கத் தின்றால் நூறு வயதுன்னு அது மேல ஒரு பழமொழி. சொல்லிட்டு லைன்லயே டொக்கு டொக்குன்னு சத்தம், வெத்தலை இடிக்கிறாங்க. அந்தக் குட்டி இரும்பு உரல்ல வெத்தலை பாக்கு எல்லாம் போட்டு இடிச்சு மசிச்சு வாயில ஒதுக்கிக்குவாங்க. அவங்களுக்கு உரல், இவனுக்கு மிக்ஸி, பல்லு போனவங்களுக்கும் பல்லு மொளச்சவனுக்கும் ஒரே சாப்பாடு போட்டுக்கிட்டு இருக்கோமேன்னு அன்னிக்குத்தான் சுருக்குன்னு பட்டுச்சு.

சரி வலுதானே, வலு ஏத்திருவோம்னு போன்ல தேட ஆரம்பிச்சேன். தாடை வலுன்னு தேடினா வர்றதெல்லாம் வேற உலகம்ங்க, ஜிம் பசங்க ரப்பர் பந்தை கடிச்சுக்கிட்டு தாடையைக் கத்தி மாதிரி காட்டுறாங்க, ஒருத்தர் கல்லு மாதிரி ஒரு சூயிங்கம் விக்கிறாரு, நடுவுல குழந்தைங்களுக்குன்னு கலர் கலரா சிலிகான் குச்சி. குச்சி ஒண்ணு 600 ரூபாய்க்கு வாங்கினேன். அவன் அதை ரெண்டு தடவை கடிச்சான், அப்புறம் அதை வச்சு டிவி ரிமோட்டை அடிக்க ஆரம்பிச்சுட்டான்.

அப்புறம்தான் ஒழுங்கா குழந்தை டாக்டர்கிட்ட போனோம். இதை முதல்லயே செஞ்சிருக்கணும். அவர் பல்லைப் பாத்தாரு, சொத்தை இருக்கா, டான்சில் பெருசா இருக்கா, வாயைத் திறந்துக்கிட்டே தூங்குறானா, குறட்டை விடுறானா, சாப்பிடும்போது இருமுறானா, அடிக்கடி சளி நெஞ்சுக்கு இறங்குதா, உக்காந்தது நடந்தது எல்லாம் எந்த மாசத்துலன்னு வரிசையா கேட்டாரு. ஏன்னா மெல்லாததுக்கு பின்னாடி இது எது வேணா இருக்கலாமாம். கடைசியா "ஒரு நாளைக்கு எவ்ளோ பால்மா?"ன்னாரு. நாலு பாட்டில்னு சொன்னதும் பேனாவை கீழ வச்சுட்டாரு. ரத்தம் டெஸ்ட் எடுத்தா ஹீமோகுளோபின் 9.4. இந்த வயசுல 11-க்கு கீழ இருந்தாலே ரத்தசோகைதான். பால்ல இரும்புச்சத்து கிட்டத்தட்ட கிடையாது, அதுலயே வயிறு ரொம்பிட்டா சோத்துக்குப் பசி எங்க வரும், பசி இல்லாதவன் எதுக்குக் கஷ்டப்பட்டு மெல்லப் போறான். அயர்ன் சிரப் எழுதினாரு, பாலை ரெண்டு டம்ளராக்கச் சொன்னாரு, பாட்டிலை தூக்கிப் போடச் சொன்னாரு, ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்ட அனுப்பினாரு. பேசுறதுக்கு இல்ல, சாப்பாட்டுக்கு. அவங்கதான் இதையும் பாப்பாங்கன்னு எனக்கு அதுவரை தெரியாது.

அந்த தெரபிஸ்ட் முதல் நாள் பையன்கிட்டயே வரல. ஒரு முறுக்கை உடைச்சு என் கைல குடுத்தாங்க. "இதைச் சாப்பிடுங்க மேடம், ஆனா மெதுவா, உங்க நாக்கு என்ன பண்ணுதுன்னு மட்டும் பாருங்க"ன்னாங்க. நீங்களும் இப்பவே செஞ்சு பாருங்க, முறுக்கு இல்லைன்னா ஒரு பிஸ்கட். கடிச்ச துண்டு முதல்ல நாக்கு மேல விழுது. விழுந்த அடுத்த நொடியே நாக்கு ஒரு பக்கமா திரும்பி அதை கடவாப்பல்லுக்குத் தள்ளுது. பல்லு அரைக்கும்போது அந்தப் பக்கம் கன்னம் உள்ள அழுந்தி துண்டு வெளிய வழியாம பிடிச்சுக்குது, இந்தப் பக்கம் நாக்கு சுவர் மாதிரி நிக்குது. நாலு அரைப்புக்கு அப்புறம் நாக்கு போய் எல்லாத்தையும் கூட்டிப் பெருக்கி நடுவுல உருண்டை பிடிச்சு, பத்தலைன்னா அடுத்த பக்கம் மாத்திப் போடுது. தாடையும் வெறும் மேல கீழ இல்ல, லேசா சாஞ்சு வட்டமா சுத்துது, ஆட்டுக்கல்லு மாதிரி. 32 வருஷமா தினமும் செய்யுற வேலை, ஒரு தடவைகூட கவனிச்சதில்ல.

அப்புறம் பையனுக்கு ஒரு துண்டு தோசையை நாக்கு நடுவுல வச்சாங்க. அவன் நாக்கை அண்ணத்தோட அமுக்கி அமுக்கிப் பாத்தான், வெண்ணெய் மாதிரி நசுக்கப் பாக்குறான், தோசை நசுங்கல. நாக்கு முன்னயும் பின்னயும் போகுது, பக்கவாட்டுல திரும்பவே இல்ல. கடைசில அது தானா வழுக்கிக் கன்னத்துக்குள்ள போய் விழுந்துச்சு, அவ்ளோதான், அங்கயே குடியேறிடுச்சு. பீன்ஸ் கதை கண்ணு முன்னாடி ரீப்ளே. தெரபிஸ்ட் இதுக்கு பாக்கெட்டிங்னு பேர் சொன்னாங்க, நான் மனசுக்குள்ள அப்பத்தா சொன்ன அதக்குறதையே போட்டுக்கிட்டேன், இதைவிட சரியான வார்த்தை எந்த பாஷைல இருக்கப் போகுது.

"தாடைல வலு இல்லையா மேடம்?"னு கேட்டேன். அவங்க என் விரலைப் பிடிச்சு அவன் காதுக்குக் கீழ, தாடை மூலைல வச்சாங்க. அவன் சிலிகான் குச்சியைக் கடிச்சப்ப அந்த இடம் கெட்டியா எழும்புச்சு. அதுதான் மேசெட்டர், மெல்றதுக்குன்னே இருக்கிற தசை. "வலு இருக்கு, உங்களைக் கடிச்சா தெரியும். வழிதான் தெரியல. மிக்ஸி சோத்துக்கு நாக்கு பக்கவாட்டுல போக வேண்டிய வேலையே இல்லையே, எப்படிக் கத்துப்பான்?"னாங்க. நான் வலுன்னு தேடி 600 ரூபாய் குச்சி வாங்கினது எல்லாம் வேஸ்ட்டுன்னு அப்பத் தெரிஞ்சுது, பஸ்ல போக வேண்டியவனுக்கு செருப்பு வாங்கின கதை.

(எல்லாக் குழந்தைக்கும் இப்படின்னு எடுத்துக்காதீங்க. சில குழந்தைகளுக்கு நிஜமாவே தசை தளர்வா இருக்கும், டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம் இருக்கிற குழந்தைகளுக்கு கதையே வேற. அதான் முதல்ல டாக்டர்.)

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இதையே படிச்சேன், ஆபீஸ் மீட்டிங்ல மியூட் போட்டுக்கிட்டுகூட. 6 மாசத்துல இருந்து திட உணவு, 8 மாசத்துல கையில பிடிச்சுத் திங்கிற உணவு, ஒரு வயசுல வீட்ல எல்லாரும் சாப்பிடுறதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பல்லு வேணாமான்னா, முன் கடவாப்பல்லு 13-ல இருந்து 19 மாசத்துலதான் வருது, பின் கடவாப்பல்லு 2 வயசு ஒட்டி, அதுவரை ஈறுதான் அரைக்குது, ஈறு நாம நினைக்கிறதைவிட கெட்டி. இங்கிலாந்துல பிரிஸ்டல் பக்கம் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறந்ததுல இருந்து பின்தொடர்ந்து போறாங்க, அதுல 10 மாசத்துக்கு அப்புறம்தான் கட்டி கட்டியான சாப்பாட்டைப் பாத்த குழந்தைங்க 15 மாசத்துல சாப்பிட ரொம்பப் படுத்தினாங்கன்னு 2001-ல ஒரு கட்டுரை. 7 வயசுல மறுபடி பாத்தப்பவும், 9 மாசத்துக்கு அப்புறம் தொடங்கினவங்க காய் பழம் கம்மியா சாப்பிட்டிருக்காங்க. நான் 26 மாசம். மனசுக்குள்ள ரொம்ப நேரம் அழுதேன்.

அப்பத்தா சொன்ன வலு சுத்தமா தப்பும் இல்ல. ஹைராக்ஸ்னு பூனை சைஸ்ல ஒரு பிராணி, ஹார்வர்டுல கொஞ்சத்துக்கு வேகவச்ச மெதுவான சாப்பாடு, கொஞ்சத்துக்குப் பச்சையா காஞ்சதுன்னு போட்டு வளத்துப் பாத்திருக்காங்க, 2004-ல வந்த ஆராய்ச்சி. மெதுவா சாப்பிட்டதுகளுக்கு முகத்தோட கீழ்ப்பகுதியும் பின்பகுதியும் ஏறக்குறைய 10 சதவீதம் கம்மியா வளந்திருக்கு. ஜப்பான்காரங்க ஒரு வாய்க்கு 30 தடவை மெல்லுங்கன்னு 2009-ல அரசாங்கமே பிரச்சாரம் பண்ணினாங்க, 2018-ல இருந்து குழந்தைகளுக்கு மெல்றது விழுங்குறது சரியா வளரலைன்னா அதை ஒரு நோயா பேர் வச்சு இன்சூரன்ஸ்லயே சேத்துட்டாங்க. அப்பத்தாவுக்கு இதெல்லாம் சொன்னா "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னுதான் வரும், அதனால சொல்லல.

வாய்க்கு எக்சர்சைஸ்னு நெட்ல நிறைய இருக்கு, ஊதுறது, உதட்டை இழுக்குறது, கன்னத்துல பிரஷ் வச்சுத் தேய்க்கிறது. சாப்பாடு இல்லாம செய்யுற இந்த வகைப் பயிற்சிக்கு ஆதாரம் ரொம்பக் கம்மின்னு 2010-ல அமெரிக்காவுல எல்லா ஆராய்ச்சியையும் ஒண்ணா அலசிப் பாத்துச் சொல்லிட்டாங்க. ஆனா துருக்கில அங்காராவுல ஹசெட்டெபெ பல்கலைக்கழகத்துல பெருமூளை வாதம் இருக்கிற குழந்தைங்களுக்கு, உணவை நேரா கடவாப்பல்லு பக்கம் வச்சு, கொஞ்சம் கொஞ்சமா கெட்டியாக்கி 12 வாரம் பழக்கினாங்க, வழக்கமான வாய்ப்பயிற்சி செஞ்ச குரூப்பைவிட இவங்க நல்லா மென்னாங்க. நீச்சல் கத்துக்க தண்ணில இறங்கணும்ங்கிற மாதிரிதான். இன்னொண்ணு, மென்னா பேச்சு வந்துடும்னு சொல்லி பொருள் விக்கிறாங்க பாருங்க, அதை நம்பாதீங்க. 15 மாசக் குழந்தைங்க தாடைத் தசைல சென்சார் ஒட்டிப் பாத்தா மெல்றதுக்கு ஒரு விதமாவும் மழலை பேசுறதுக்கு வேற விதமாவும் வேலை செய்யுதுன்னு 1996-லயே எழுதிட்டாங்க.

எங்க வீட்ல நடந்தது இதுதான். நாற்காலில உக்கார வச்சு காலுக்குக் கீழ ஒரு ஸ்டூல், கால் தொங்கினா உடம்பு ஆடுதாம், உடம்பு ஆடினா தாடை ஆடுமாம். போன் கிடையாது. இடுப்புல வச்சு நிலா காட்டுறதும் கிடையாது, இதுக்கு அத்தை ரெண்டு நாள் என்கூட பேசல. முதல் வாரம் குழல் அப்பளம், அதான் மஞ்சளா இருக்குமே, விரல்ல மாட்டிக்கிட்டு கடிப்போமே அது. வாயில பட்டு எச்சில் ஊறினா தொளதொளன்னு ஆயிடும், அதனால பயம் கம்மி. அதை நாக்கு மேல வைக்காம, ஓரத்துல இருந்து உள்ள விட்டு கடவாப்பல்லு மேல வைக்கணும், நுனியை நான் பிடிச்சுக்கணும், கறுக்குன்னு சத்தம் வர வரைக்கும் விடக் கூடாது. வலது மூணு, இடது மூணு. அந்தச் சத்தம்தான் அவனை இழுத்துச்சுன்னு நெனைக்கிறேன், மூணாவது நாள் அவனே வாயைத் திறந்து கன்னத்தைக் காட்டினான். நானும் எதிர்ல உக்காந்து கறுக் கறுக்னு, எங்க வீட்டுக்காரர் ஆபீஸ் கால்ல இருந்தாரு, அந்தப் பக்கம் என்ன சத்தம்னு கேட்டிருக்காங்க.

அப்புறம் தோசை, சுண்டுவிரல் நீளத்துக்கு கத்தரிக்கோல்ல வெட்டின பட்டை. அப்புறம் ஆம்லெட் பட்டை, பனீர், விரலால அமுக்கினா நசுங்குற அளவு வேகவச்ச கேரட், சக்கரைவள்ளிக் கிழங்கு. மிக்ஸியை ஒரே நாள்ல நிறுத்தல, பசிக்கு அதுதான், மெல்லக் கத்துக்கிறதுக்கு சாப்பாட்டுக்கு முன்னாடி 5 நிமிஷம் மட்டும் இது. ஆனா சுத்து குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, நாலு சுத்து ரெண்டாச்சு, ஒண்ணாச்சு, அப்புறம் கையால மசிச்சது, அப்புறம் ஸ்பூன் முதுகு. ஒண்ணு மட்டும் தெரபிஸ்ட் திட்டி திருத்தினது, தண்ணியாவும் துண்டாவும் கலந்ததைக் குடுக்காதீங்க, ரசத்துல மிதக்குற சோறு மாதிரி. தண்ணியை முழுங்கவா துண்டை மெல்லவான்னு வாய் குழம்பிடும், பெரியவங்களே அதுல புரையேறுறோம். நான் ஈஸின்னு நெனச்சு அதைத்தான் முதல்ல குடுத்துக்கிட்டு இருந்தேன்.

ஒவ்வொரு தடவை சாப்பிட்டு முடிச்சதும் கண்ணாடி முன்னாடி "ஆ" காட்டணும், கன்னத்துல ஏதாவது ஒளிஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாக்குறது அவனுக்கு போலீஸ் திருடன் விளையாட்டு ஆயிடுச்சு.

ஒரு மாசத்துல நாக்கு திரும்புச்சு. அதைப் பாத்தது எனக்கு அவன் முதல் அடி வச்சதைப் பாத்ததைவிட பெருசா இருந்துச்சு, பனீர் துண்டை நடுவுல கடிச்சான், வாய் லேசா திறந்தே இருந்துச்சு, நாக்கோட நுனி மெல்ல வலது பக்கம் வளைஞ்சு துண்டைக் கொண்டு போய் விட்டுட்டு வந்துச்சு. ரெண்டாவது மாசம் வைரல் காய்ச்சல், 9 நாள் எதுவுமே மெல்லல, பழைய குருடி கதவைத் திறடின்னு மிக்ஸி வெளிய வந்துச்சு. அத்தை "போதும்மா, புள்ளை எளச்சுப் போச்சு"ன்னாங்க, எனக்கும் விட்ரலாம்னுதான் இருந்துச்சு. காய்ச்சல் போனதும் குழல் அப்பளத்துல இருந்து மறுபடி. இந்தத் தடவை 10 நாள்தான் ஆச்சு.

நீங்க செய்றதா இருந்தா ஒண்ணு சொல்லிடுறேன், மெல்லப் பழக்குறேன்னு கடலை, முழு திராட்சை, பாப்கார்ன், பச்சைக் கேரட் குடுத்துடாதீங்க, 4 வயசு வரைக்கும் வேணாம்கிறாங்க. முழுக் கடலை மூச்சுக்குழல்ல போய் ஆஸ்பத்திரிக்கு வர்ற குழந்தைங்க நம்ம ஊர்ல அவ்ளோ பேர். எங்க ஊருக்குப் பக்கத்து கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு நான் அடிமை, ஆனா இவன் கண்ணுல காட்டல. குமட்டினா சத்தம் வரும், இருமுவான், முகம் செவக்கும், அப்ப கையை கட்டிக்கிட்டு பக்கத்துல நில்லுங்க. அடைச்சா சத்தமே வராது, அழ முடியாது, அது வேற. ஒரு வயசுக்கு மேலன்னா முன்னாடி குனிய வச்சு தோள்பட்டை நடுவுல 5 தடவை பலமா தட்டி, போகலைன்னா தொப்புளுக்கு மேல 5 தடவை உள்ளயும் மேலயும் அமுக்கணும், மாத்தி மாத்தி, கூடவே ஒருத்தர் 108-க்கு போன். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டு நோண்டக் கூடாது, தலைகீழா தூக்கவும் கூடாது. அத்தையும் நானும் சேந்தே கத்துக்கிட்டோம், அத்தை தலையணையை வச்சு தட்டிப் பழகினாங்க.

இந்தப் பொங்கலுக்கு சாத்தூர் போனோம். இப்ப 3 வயசு ஆகப் போகுது. அப்பத்தா வாசல் திண்ணைல உக்காந்து அவிச்ச பனங்கிழங்கை உரிச்சுக்கிட்டு இருந்தாங்க, நடுத்தண்டை உருவிப் போட்டுட்டு மெல்லிசா ஒரு கீத்து கிழிச்சு இவன் கைல குடுத்தாங்க. எனக்கு வயித்தக் கலக்குச்சு, அது முழுக்க நாரு, நான் பக்கத்துலயே குத்த வச்சு உக்காந்துட்டேன். இவன் ஓரத்துல வச்சு கடிச்சான், பக்கவாட்டுல, யாரும் சொல்லாம. மெல்றான் மெல்றான் மெல்றான், தாடை மூலைல அந்தத் தசை எழும்பி எழும்பி இறங்குது, இந்தக் கன்னத்துல இருந்து அந்தக் கன்னத்துக்கு மாத்துறான். மாவெல்லாம் போய் நாரு மட்டும் மிஞ்சினதும் ஒரு நிமிஷம் யோசிச்சான், நான் கையை நீட்டப் போனேன். அதுக்குள்ள நாக்காலயே அதைச் சுருட்டி உதட்டுக்குக் கொண்டு வந்து, ரெண்டு விரலால எடுத்து அப்பத்தா உள்ளங்கைல வச்சான்.

"அடப் பாவி, சாறை நீ தின்னுட்டு சக்கையை எனக்குத் தர்றியாடா"ன்னு அப்பத்தா மூணு பல்லும் தெரிய சிரிச்சாங்க, அவனுக்கு அடுத்த கீத்து கிழிச்சாங்க, அவங்களுக்கு இருந்ததை எடுத்து வெத்தலை உரல்ல போட்டு டொக்கு டொக்குன்னு இடிக்க ஆரம்பிச்சாங்க.